மொழியும் ஒப்போலையும்: குபெக்கு காட்டிய கணக்கு

ஒரே மொழி பேசுவோர் அனைவரும் ஒரே பக்கம் ஒப்போலை இடுவர் எனக் கருதுவார் உளர். தலையெண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே வெற்றியை முன்கூட்டி எழுதிவிடுவர். அக்கணக்கு எங்கே தவறும் என்பதைக் கனடா நாட்டுக் குபெக்கு மாநிலம் காட்டியது.

அம்மாநில மக்களுள் பத்தில் எண்மர் பிரெஞ்சு மொழியினர். தனியிறைமை பற்றி அங்கே இருமுறை பொது ஒப்போலை நடந்தது. 1980இல் கேட்கப்பட்டது பேச்சு நடத்த இசைவு மட்டுமே. அதற்கும் ‘வேண்டும்’ என்றோர் 40.44 விழுக்காட்டினரே. 1995 அக்தோபர் 30இல் அது 49.42 விழுக்காடாயிற்று. ‘வேண்டா’ என்றோர் 50.58. நூற்றுக்குத் தொண்ணூற்று மூவருக்கு மேல் ஒப்போலை இட்ட அந்நாளில், இடைவெளி வெறும் 54,288!

முதற்கோடு கிழித்தது மொழியே, ஐயமில்லை. ஆங்கிலம் பேசுவோரும், இத்தாலி, கிரேக்கம் முதலிய நாடுகளினின்று குடியேறினோரும் ஏறத்தாழ ஒருமுகமாக எதிர்த்தனர். 1977ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறினோர் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பிற்று. பள்ளி பிள்ளைகளின் நாவை மாற்றிற்று. பெற்றோரின் ஒப்போலையை மாற்றவில்லை. வடபுலத்துக் கிரீ, இனுவித்துத் தொல்குடிகளோ, சில நாள் முன்னரே தமக்கெனத் தனி ஒப்போலை நடத்தி, நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் ‘வேண்டா’ என்றனர். தம் இசைவின்றித் தம் நிலத்தைப் பிரிக்கலாகாது என்பது அவர்தம் வழக்கு. அது நேர்மையான வழக்கே.

ஆயினும், பிரெஞ்சு மொழியினருக்குள்ளேயே எத்துணைப் பிளவு! இளையோர் பெரிதும் விடுதலைப் பக்கம். அகவை முதிர்ந்தோர் பெரிதும் எதிர்ப்பக்கம். நடுவணரசு தரும் முதியோர் உதவித்தொகை நின்றுவிடும் என்ற அச்சம் 1980இல் வீடுதோறும் விதைக்கப்பட்டது. ஒட்டாவா நகரின் எதிர்க்கரை வட்டாரத்தார் பலர் நாடோறும் ஆற்றைக் கடந்து நடுவணரசுப் பணிக்குச் செல்வோர். அவ்வட்டாரம் ‘வேண்டா’ என்றது. பிற மொழி அரிதாகவே செவியில் விழும் சகெனே வட்டாரமோ பெருவாரியாக ‘வேண்டும்’ என்றது. ஒரே தாய்மொழிதான், உலையில் அரிசி எங்கிருந்து வருகிறது என்பதும் உடன் நின்று பேசிற்று.

பெண்டிர் செய்தி தனியே கூறத்தக்கது. 1980இல் விடுதலைக் கட்சியின் பெண் அமைச்சர் ஒருவர், எதிரணித் தலைவரின் மனைவியைப் பள்ளிப் பாடநூலில் வரும் ‘ஈவெத்து’ என்னும் அடக்கமான சிறுமியோடு ஒப்பிட்டு எள்ளினார். விளைவு? பல்லாயிரம் இல்லத்தரசியர் ‘நாங்களும் ஈவெத்துகளே’ என மொன்றியால் அரங்கில் திரண்டனர். எதிரணி புத்துயிர் பெற்றது. சொந்த மொழிப் பெண்டிரையே ஒரு சொல்லால் இழக்கலாம்!

1995இல் தோல்வி தெரிந்த இரவில், மாநில முதல்வர் சாக் பரிசோ, பணமும் வேற்றின ஒப்போலைகளுமே தம்மை வீழ்த்தின என்றார். மறுநாளே பதவி விலகலை அறிவித்தார். அவர் குற்றச்சாட்டை எண்ணிக்கை தாங்கவில்லை. பிரெஞ்சு மொழியினருள் ‘வேண்டும்’ என்றோர் பத்தில் அறுவர் அளவினர் என்பதே ஆய்வாளர் கணிப்பு. எஞ்சிய நால்வர் யார்? அவர்தம் வீட்டிலும் பிரெஞ்சுதானே பேசினர்! அவருள் 27,145 பேர் மட்டும் பக்கம் மாறியிருப்பின், முடிவு தலைகீழாகியிருக்கும்.