ஆட்டோவும் இருக்கட்டும், மேனுவலும் இருக்கட்டும்

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



தலைவர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்து வரப்போகும் தீர்மானம் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். சம்ப் மோட்டார், மெயின் கேட், படிக்கட்டு விளக்குகள், மொட்டை மாடிக் கதவு எல்லாவற்றையும் செல்போன் ஆப்பிலேயே இயக்கும்படி மாற்றித் தருகிறோம் என்று ஒரு கொட்டேஷன் வந்திருக்கிறது. அதற்குக் கை தூக்குவதற்கு முன்னால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

நான் ஆட்டோமேஷனுக்கு எதிரி அல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருபத்திரண்டு வருடமாக இன்ஸ்ட்ருமென்டேஷன் பராமரிப்பில் இருக்கிறேன். சென்சாரும் பேனலும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அந்தத் தைரியத்தில்தான் இரண்டு வருடம் முன்பு என் வீட்டு விளக்கு, ஃபேன், வாசல் பூட்டு எல்லாவற்றையும் ஸ்மார்ட் ஆக்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். அங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதல் மாதம் விளக்கு விவகாரம். ஸ்மார்ட் பல்புக்கு எப்போதும் கரண்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் ஆப் சொல்வதைக் கேட்கும். என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. அறையை விட்டு வெளியே வந்தால் சுவரில் கை வைத்து ஸ்விட்சை அணைப்பது அவர் வாழ்நாள் பழக்கம். அவர் அணைத்துவிடுவார், நான் ஆப்பில் தட்டிக்கொண்டே இருப்பேன், பல்பு எரியாது. கடைசியில் எல்லா ஸ்விட்ச் மீதும் டேப் ஒட்டி "அணைக்காதீர்கள்" என்று எழுதி வைத்தேன். அம்மா அதைப் படித்துவிட்டு, "ஏம்பா, அணைக்கக் கூடாதுன்னா அதுக்கு எதுக்குப்பா சுவிட்சு?" என்றார். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அன்றே அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் யோசித்திருக்க வேண்டும்.

போன ஐப்பசி மழையில் ஒரு நாள். நானும் வீட்டுக்காரம்மாவும் கவரைப்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தோம். கரண்ட் போய்விட்டது. அம்மா அடுப்பில் பாலை சிம்மில் வைத்துவிட்டு, காரிடாரில் காய்ந்த துணியை எடுக்க வெளியே வந்தார். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு தானாகப் பூட்டிக்கொண்டது. செல்போன் உள்ளே. பால் உள்ளே, எரிகிற அடுப்பில்.

அந்தப் பூட்டைத் திறக்க நான்கு வழி உண்டு என்று சொல்லித்தான் விற்றார்கள். கைரேகை, நம்பர், ஆப், சாவி. நான்கும் அன்று என்ன ஆயின என்று பாருங்கள்.

கைரேகை: வயதானவர்களின் விரலில் ரேகை தேய்ந்திருக்கும். ரேஷன் கடையில் எத்தனை பெரியவர்கள் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார்கள் என்று நாமே பார்க்கிறோம். அம்மாவின் கை அன்று ஈரமாகவும் இருந்தது. ஐந்து முறை தவறியதும் பூட்டு சில நிமிடங்களுக்கு முடங்கிக்கொண்டது.

நம்பர்: பக்கத்து வீட்டு அக்கா தன் போனில் என்னைப் பிடித்துக் கொடுத்தார். நான் நம்பரைச் சொன்னேன். பூட்டு ஏற்கவில்லை. இரண்டு நாள் முன்புதான் ஆப்பில் நம்பரை மாற்றியிருந்தேன். ஆப் "சேமிக்கப்பட்டது" என்று காட்டியது. ஆனால் வைஃபை அறுந்திருந்த நேரம் அது. மாற்றம் பூட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. பழைய நம்பரோ அந்தப் பதற்றத்தில் என் நினைவுக்கு வரவில்லை.

ஆப்: பூட்டு பேட்டரியில் ஓடுவது, கரண்ட் போனாலும் அதற்குக் கவலை இல்லை. ஆனால் கவரைப்பேட்டையிலிருந்து நான் அனுப்பும் கட்டளை என் வீட்டு ரவுட்டர் வழியாகத்தான் வர வேண்டும். ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இல்லை.

சாவி: இரண்டு சாவியும் ஒரே கொத்தில், என் பையில்.

மழையில் நாங்கள் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. பால் வற்றி, பாத்திரம் கருகி, சமையலறை முழுக்கப் புகை. நல்ல வேளை, சிம்மில் வைத்திருந்தார். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தால், எரியாத கேஸ் வீடு முழுக்க நிறைந்திருக்கும். அதன் பிறகு யாராவது உள்ளே போய் ஒரு ஸ்விட்சைத் தட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அம்மா இருட்டுக் காரிடாரில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைத் திட்டவில்லை. "பாலை இறக்கிட்டு வந்திருக்கணும்பா, என் தப்புதான்" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தப்பு அவருடையது அல்ல, என்னுடையது.

தொழிற்சாலையில் இப்படி ஒன்று நடந்தால் "ஏன், ஏன்" என்று ஐந்து முறை கேட்டு எழுதச் சொல்வார்கள். அன்று இரவே எழுதிப் பார்த்தேன். நான்கு வழி என்று நான் எண்ணியது உண்மையில் மூன்றுதான். நம்பர் மாற்றமும் ஆப்பும் ஒரே வைஃபையில் தொங்கிக்கொண்டிருந்தன. அது அறுந்தால் இரண்டும் சேர்ந்து விழும். சாவி என்ற வழியை நானே பையில் போட்டு எடுத்துப் போய்விட்டேன். மிச்சம் இருந்தது ஒரு தேய்ந்த விரல்.

இது என் வீட்டுக்கு மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. "விளக்கைப் போடு" என்று நீங்கள் ஹாலில் சொன்னால், பெரும்பாலான கருவிகளில் அந்தக் கட்டளை ரவுட்டருக்குப் போய், ஃபைபரில் ஏறி, எங்கோ இருக்கும் கம்பெனி சர்வருக்குப் போய், திரும்பி வந்து, உங்கள் தலைக்கு மேலே இருக்கும் பல்பைப் போடுகிறது. 2021 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள அமேசான் சர்வர் மையங்களில் கோளாறு. அலெக்ஸாவும் ரிங் வாசல் கேமராக்களும் பல வீடுகளில் முடங்கின. 2025 அக்டோபர் 20 அன்று அதே பகுதியில் மீண்டும் கோளாறு. அந்த முறை, சூடு குளிர் மாற்றும் ஸ்மார்ட் மெத்தைகள்கூடச் சொன்னதைக் கேட்கவில்லை.

கோளாறாவது ஒரு நாளில் சரியாகும். கம்பெனியே கையை விரித்தால்? ரெவால்வ் என்ற வீட்டு ஆட்டோமேஷன் பெட்டியை நெஸ்ட் நிறுவனம் 2014-ல் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சர்வரை நிறுத்தியது. 300 டாலர் கொடுத்து வாங்கியவர்களின் பெட்டி ஒரே நாளில் வெறும் பிளாஸ்டிக் ஆனது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற நிறுவனத்தின் சர்வர் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றது. பிறகு அதன் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து நிறுவனத்தை வாங்கி உயிர் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த இன்ஸ்டியானிலும் சர்வர் நின்ற நாளில் சுவர் ஸ்விட்சைக் கையால் தட்டியவர்களுக்கு விளக்கு எரிந்தது. அதைக் கவனியுங்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஆரம்பாக்கம் தமிழ்நாட்டின் கடைசி ஊர்களில் ஒன்று. ஒரு பக்கம் பழவேற்காடு ஏரியின் உப்புக் காற்று, இன்னொரு பக்கம் தேசிய நெடுஞ்சாலை. உப்புக் காற்றில் வெளியே வைக்கும் சென்சாரின் டெர்மினல் சீக்கிரம் பூத்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பகுதி பட்ட பாடு நினைவிருக்கிறதா? கரண்ட் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. அந்த நாட்களில் நம் மோட்டாரும் கேட்டும் ஆப்பை மட்டும் நம்பி இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

சிலர் என்னிடம் "வாங்கும்போது நன்றாக ஓடியது, இப்போது அடிக்கடி ஆஃப்லைன் காட்டுகிறது" என்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் இதுதான். ஸ்மார்ட் ஸ்விட்சுகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் ஓடும். அதில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் மூன்றே மூன்று. ஒவ்வொரு ஃபிளாட்டிலும் ஒரு ரவுட்டர் இருக்கும் நம் கட்டடத்தில் எல்லாரும் அந்த மூன்று பாதையில்தான் நெருக்கிக்கொண்டு போகிறோம். ரவுட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள். ரவுட்டருக்கென்று ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வையுங்கள். பாதித் தொல்லை குறையும்.

தொல்லையைவிட ஆபத்தான இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, நம் ஸ்விட்ச் பாக்ஸ் பலவற்றில் நியூட்ரல் ஒயர் கிடையாது. ஸ்மார்ட் ஸ்விட்சுகளில் பலவற்றுக்கு அது தேவை. புதிதாக ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு, எர்த் ஒயரையே நியூட்ரலாகக் கொடுத்துவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு. அதை அனுமதிக்கவே கூடாது. வாஷிங் மெஷினைத் தொட்டால் ஷாக் அடிக்கும் நிலைக்கு அது கொண்டுபோய் விடும். இரண்டு, 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் கீசரைச் செருகாதீர்கள். 3000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். பிளக் உருகும்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் குடியிருப்பில் சிப்காட்டுக்கும் ஸ்ரீசிட்டிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். போனவர் செல்போனில் பழைய ஆப் அப்படியே இருந்தால், புதிதாக வந்தவரின் கதவு அவர் கையில். ஆள் மாறும் அன்றே பூட்டையும் கேமராவையும் ரீசெட் செய்து, பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து, உலகின் பெரிய இணையதளங்களையே சில மணி நேரம் முடக்கியது. அந்தக் கேமராக்களும் நம்மைப் போன்ற வீட்டுக்காரர்களுடையவைதான்.

அப்படியானால் எதுவும் வேண்டாமா? வேண்டும். முட்டி வலிக்காரர் படுத்த இடத்திலிருந்தே ஃபேனைக் குறைக்க ரிமோட் வேண்டும். படிக்கட்டில் ஆள் வந்தால் எரியும் சென்சார் விளக்கு வேண்டும், அதற்கு இன்டர்நெட்டே தேவையில்லை. 2022-ல் வந்த மேட்டர் என்ற பொதுத் தரம், கட்டளை வீட்டுக்குள்ளேயே சுற்றி வரும்படி அமைக்கப்பட்டது. புதிதாக வாங்குபவர்கள் பெட்டியில் அந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சின்னக் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்போது ஒரு வாட் குடிக்கும் கருவி இருபது வைத்தால், இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 29 யூனிட். அரசு தரும் இலவச யூனிட்டில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும்.

இனி தீர்மானத்துக்கு வருகிறேன். எங்கள் பிளான்டில் கோடிக்கணக்கில் விலை உள்ள மெஷினானாலும் பேனலில் ஒரு திருகு ஸ்விட்ச் இருக்கும்: ஆட்டோ, ஆஃப், மேனுவல். எமர்ஜென்சி பட்டன் நேரடி ஒயரில் இருக்கும், கம்ப்யூட்டரைக் கேட்டுவிட்டு நிற்காது. அதே விதியை நமக்கும் வைப்போம். கொட்டேஷனில் நான்கு திருத்தம் கேட்கிறேன்.

1. சம்ப் மோட்டார் லெவல் சென்சாரிலேயே, இன்டர்நெட் இல்லாமல் ஓட வேண்டும். ஆப் வேடிக்கை பார்க்க மட்டும். பேனலில் மேனுவல் ஸ்விட்ச் கட்டாயம், அதை இயக்க வாட்ச்மேன் இருவருக்கும் கற்றுத்தர வேண்டும்.

2. மெயின் கேட்டைக் கையால் திறக்கும் சாவி எப்போதும் செக்யூரிட்டி அறையில் இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்போது யாரும் ஓடிபி தேடக் கூடாது.

3. மொட்டை மாடிக் கதவுக்குக் கரண்ட் போனால் தானாகத் திறந்துகொள்ளும் வகைப் பூட்டுதான் வேண்டும். கரண்ட் போனால் பூட்டியே நிற்கும் வகையும் சந்தையில் உண்டு. தீ விபத்தில் மேலே ஓடுகிறவருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உயிர்.

4. சர்வர் நின்றாலோ கம்பெனி மூடினாலோ எது ஓடும், எது ஓடாது என்று அவர்கள் எழுத்தில் தர வேண்டும். கையெழுத்துப் போடும் முன் மெயின் ஸ்விட்சையும் ரவுட்டரையும் அணைத்துவிட்டு நம் கண் முன்னே இயக்கிக் காட்ட வேண்டும்.

இதற்கு ஒப்புக்கொண்டால் நானே முதலில் கை தூக்குகிறேன். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தப் பணத்தில் நல்ல மோட்டார் ஸ்டார்ட்டர் ஒன்றும், ஒரு ஸ்பேர் பம்பும் வாங்கிக்கொள்வோம்.

என் வீட்டுப் பூட்டை நான் கழற்றவில்லை. தானாகப் பூட்டிக்கொள்வதை மட்டும் நிறுத்தினேன். ஒரு சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம், ஒன்று அம்மாவின் இடுப்பில். ஸ்விட்ச் மேல் ஒட்டிய டேப்பையும் கிழித்துவிட்டேன். ஸ்விட்சுக்குப் பின்னால் வைக்கும் வகைக் கருவிக்கு, நியூட்ரல் ஒயர் இழுத்து, மாற்றிக்கொண்டேன். இப்போது ஆப்பிலும் எரியும், அம்மா தட்டினாலும் எரியும்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். ரவுட்டரை அணைத்துவிட்டு, வீட்டில் இருக்கும் மூத்தவரைக் கூப்பிட்டு, வெளியே போய்க் கதவைத் திறந்து உள்ளே வந்து விளக்கைப் போடச் சொல்லுங்கள். நீங்கள் உதவாமல் வெறுமனே பாருங்கள். அவரால் முடிந்தால் உங்கள் வீடு ஸ்மார்ட் வீடுதான்.