முட்டியைக் காட்டும் பிள்ளை

பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, தாதியரே, இயன்முறைச் சிகிச்சையாளர்களே, இவர்களைப் படிக்கவைத்து இங்கே அழைத்து வந்திருக்கும் பெற்றோர்களே!

சிங்கப்பூரில் நாம் கூடியிருக்கும் இந்தக் கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிக் குதிரைப் பந்தயம் நடந்தது. 1842-இல் தொடங்கிய சிங்கப்பூர் குதிரைப் பந்தயக் கழகத்தின் பந்தயங்கள் அன்றோடு முடிந்தன. சூதாட்டம் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் லாயத்துக்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. குதிரை நொண்டுகிறதா என்றறிய அதைச் சமதரையில் ஓட்டிப் பார்ப்பார்கள். வாயில்லா ஜீவன், நடையைத்தான் படிக்க வேண்டும். நம்மிடம் வரும் பிள்ளைக்கு வாய் இருக்கிறது. அங்கேதான் நாம் ஏமாந்துபோகிறோம்.

சற்றுப் பருமனான பன்னிரண்டு வயதுப் பையன். "முட்டி வலிக்குது டாக்டர்" என்கிறான். முட்டியை எக்ஸ்ரே எடுக்கிறோம், குறையில்லை. வளர்கிற வயதில் வரும் வலி என்று களிம்பு கொடுத்து அனுப்புகிறோம். வீட்டில் பாட்டி, தேக்கா சந்தையில் வாங்கிய தைலத்தைச் சூடாக்கி நீவிவிடுகிறார். வாரங்கள் ஓடுகின்றன. கோளாறு இருப்பதோ இடுப்பு மூட்டில். இடுப்புக்கும் முட்டிக்கும் பொதுவான நரம்புகள் இருப்பதால் மேலே உள்ள வலி கீழே தெரிகிறது.

வளரும் வயதில் தொடை எலும்பின் தலைக்கும் கழுத்துக்கும் நடுவே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அது பலமிழந்தால் எலும்பு அங்கே நழுவும். தலை நழுவியது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் தலை இடுப்பெலும்பின் குழிக்குள்ளேயே இருக்க, கழுத்துத்தான் முன்னும் மேலுமாக விலகுகிறது. இந்த நழுவல் பெரும்பாலும் பத்து முதல் பதினாறு வயதுக்குள் வரும். கூடுதல் உடல் எடை முக்கியக் காரணம். பத்து வயதுக்குள் வந்தாலோ, பிள்ளை ஒல்லியாக இருந்தாலோ தைராய்டையும் பாருங்கள்.

சிங்கப்பூரில் இதை ஆராய்ந்த எலும்பு மருத்துவர்கள், சீனப் பிள்ளைகளைவிட மலாய், இந்தியப் பிள்ளைகளிடம் இது கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். ஆக, இது நம் வீட்டுப் பிள்ளைகளின் நோயும்கூட.

1993-இல் அமெரிக்காவில் லோடர் என்ற எலும்பு மருத்துவரின் குழுவினர் இப்படி நழுவிய 55 இடுப்பு மூட்டுகளை ஆராய்ந்து எழுதினார்கள். ஊன்றுகோல் இருந்தும் காலை ஊன்ற முடியாமல் வந்தவை 30. அவற்றில் 14-இல் எலும்பின் தலை ரத்த ஓட்டம் இழந்து செத்துப்போனது. நொண்டியாவது நடந்து வந்த 25-இல் ஒன்றுக்குக்கூட அந்தக் கதி வரவில்லை. நொண்டிக்கொண்டு உங்கள் அறைக்குள் வருகிற பிள்ளை, காப்பாற்றக்கூடிய நிலையில் வருகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் எலும்பில் ஒரு திருகாணியைப் பொருத்துவதோடு வேலை முடிந்துவிடும்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்துத் தொடையை வயிற்றை நோக்கி மடக்குங்கள். கால் தானாக வெளிப்பக்கம் திரும்பினால் சந்தேகப்படுங்கள். இடுப்பை நேராக ஒன்று, தவளைக்கால் நிலையில் ஒன்று என எக்ஸ்ரே கேளுங்கள். முதல் படத்தில் தெரியாதது இரண்டாவதில் தெரியும். கால் ஊன்ற முடியாத பிள்ளைக்கு இரண்டாவது படம் வேண்டாம், காலைத் திருப்புவதே ஆபத்து.

நோய் உறுதியானால் அதற்குப் பிறகு ஓர் அடிகூட நடக்கவிடாதீர்கள். சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அன்றைக்கே அனுப்புங்கள். அடுத்த வாரத்துக்கு முன்பதிவு செய்து கொடுப்பது சிகிச்சை ஆகாது. பின்னால் மறுபக்க இடுப்பும் நழுவக்கூடும் என்பதைப் பெற்றோரிடம் தமிழிலேயே சொல்லுங்கள்.

நாளை நீங்கள் எந்த மருந்தகத்தில் உட்கார்ந்தாலும் சரி, முட்டி வலி என்று வரும் எந்தப் பிள்ளையையும் இடுப்பைச் சோதிக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.