ஈரத்தை விரட்டக் கொஞ்சம் காற்று



ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கும் பான் நகரம் பீத்தோவன் பிறந்த ஊர். அறிவியலில் அதற்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஹைன்ரிஷ் கைஸ்லர் என்ற கண்ணாடிக் கலைஞர் 1850களின் நடுவில் அங்கே ஒரு வெற்றிடப் பம்பு செய்தார். அதில் பாதரசம்தான் பிஸ்டன். பாதரசக் குடுவையைத் தூக்கினால் வாயு வெளியே தள்ளப்படும். இறக்கினால் வெற்றிடம் உண்டாகி, பாத்திரத்தில் மிச்சமுள்ள வாயு அதற்குள் பாயும். இதையே கையால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பான் பல்கலைக்கழகப் பேராசிரியர் யூலியுஸ் ப்ளூக்கர், கைஸ்லர் அந்தப் பம்பால் காற்றை நீக்கிய கண்ணாடிக் குழாய்களில் மின்சாரம் செலுத்தி, உள்ளே தோன்றும் ஒளிர்வு காந்தத்தால் வளைவதைக் கண்டார். எதிர்மின் கதிர் ஆராய்ச்சி அங்கிருந்து வளர்ந்தது. 1868இல் கைஸ்லருக்கு அதே பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. உலைமுன் உட்கார்ந்து கண்ணாடி ஊதியவருக்குக் கிடைத்த மிகப் பொருத்தமான மரியாதை அது.

ஆனால் கைஸ்லரின் அந்தப் பம்புக்கும் நீராவி அடங்கவில்லை.

சாதாரண வெப்பநிலையில் காற்றை எவ்வளவு அழுத்தினாலும் அது வாயுவாகவே இருக்கும். நீராவி அப்படியல்ல. 20 டிகிரி செல்சியஸில் அதன் அழுத்தம் 23 மில்லிபாரைத் தாண்டினால் தண்ணீராகிவிடும். பாதரசத்தின் மேல் துளியாக நின்று, குடுவையை இறக்கியதும் மீண்டும் ஆவியாகும். பம்பு உழைத்துக்கொண்டே இருக்கும், வெற்றிடம் மட்டும் முன்னேறாது. அதனால் அக்காலத்தில் குழாய் வழியில் கந்தக அமிலத்தையோ பாஸ்பரஸ் பென்டாக்சைடையோ வைத்து ஈரத்தை உறிஞ்ச வைத்தார்கள்.

பிறகு வந்த ஆயில் பம்புகளிலும் இதே தொல்லைதான். ஓடிச் சூடான பம்பு 70 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீராவி ஏறத்தாழ 310 மில்லிபாரிலேயே தண்ணீராகும். வாயுவை வெளியே விடும் வால்வு திறக்கவோ, வெளிக்காற்றின் அழுத்தத்தை மிஞ்ச 1,000 மில்லிபாருக்கு மேல் வேண்டும். வால்வு திறக்கும் முன்பே ஆவி தண்ணீராகி ஆயிலில் கலந்துவிடும். பார்வைக் கண்ணாடி வழியே பார்த்தால் ஆயில் மோர் போல வெளுத்திருக்கும்.

இதற்கு வழி கண்டவர் வோல்ஃப்காங் கேடே. பானுக்குப் பக்கத்து நகரமான கொலோனின் லைபோல்ட் நிறுவனத்தோடு நெடுங்காலம் இணைந்து உழைத்த இயற்பியலாளர். 1935இல் அவர் கொண்டுவந்த உத்தி, அழுத்தும் அறைக்குள் கொஞ்சம் வெளிக்காற்றை வேண்டுமென்றே விடுவது. காற்றும் ஆவியும் சேர்ந்து 1,000 மில்லிபாரைச் சீக்கிரம் எட்டும். ஆவி தண்ணீராகும் முன்பே வால்வு திறந்து இரண்டும் வெளியேறும். காஸ் பாலஸ்ட் என்ற இந்த ஏற்பாட்டால் கடைசி வெற்றிடம் சற்றுக் குறையும். ஆனால் ஆயில் பிழைக்கும். காற்றை வெளியேற்றும் இயந்திரத்துக்குள் காற்றையே விடலாம் என்று நினைக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

ஈரம் அளவுக்கு மீறினால் காஸ் பாலஸ்ட் மட்டும் போதாது. ஒரு கிராம் தண்ணீர், ஒரு மில்லிபாரில் சுமார் 1,350 லிட்டர் ஆவியாக விரிகிறது. அதனால் பம்புக்கு முன்னால் குளிர்பொறி வைத்து ஆவியைப் பனியாக உறைய வைக்கிறார்கள்.

குளோரின், ஹைட்ரஜன் குளோரைடு போன்ற அரிக்கும் வாயுக்கள் வந்தால் கதை வேறு. குளோரின் பாதரசத்தையும் தாக்கும், சாதாரண ஆயிலையும் கெடுக்கும். ஈரமும் சேர்ந்தால் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். இதற்குத்தான் டெஃப்லான் பூசிய டயஃப்ராம் பம்புகளும், ஃப்ளோரின் கலந்த விலையுயர்ந்த ஆயில்களும் வந்தன. விவரம் தெரிந்தவர்கள் வேலை முடிந்தவுடன் பம்பை நிறுத்துவதில்லை. பாத்திரத்தின் வால்வை மூடி, காஸ் பாலஸ்டைத் திறந்து வைத்து, அரை மணி நேரம் ஓடவிட்டு, ஆயிலில் தங்கிய ஆவியை விரட்டிய பிறகே சுவிட்சை அணைக்கிறார்கள்.