பள்ளிக்குத் திரும்பிய நாள்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் பெற்றோர் சார்பில் ஆற்றிய உரை)

 

பெற்றோர் சார்பில் சில சொற்கள் கூறுமாறு கழகத்தார் எங்களைப் பணித்தனர். மேடைப் பேச்சு எங்களுக்குப் பழக்கமன்று. ஆதலின் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றையே கூற விழைகிறோம். 2021ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், எங்கள் மகள் மீண்டும் பள்ளிக்குச் சென்ற நாளைப் பற்றியது அது.

கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டபோது அவள் ஐந்தாம் வகுப்பு மாணவி. இடையிலிருந்த நான்காம் வகுப்பை அவள் கண்ணால் கண்டதேயில்லை. தேர்வின்றித் தேர்ச்சி அளித்தனர். சத்துணவுக்கு மாற்றாக அரிசியும் பருப்பும் வழங்கினர். கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் வந்தன. எனினும் கைப்பேசியில் அனுப்பப்பட்ட பாடங்களோ, தகப்பனின் சட்டைப்பையில் அமர்ந்து கரும்புத் தோட்டத்துக்குப் போய்விட்டன. வீட்டில் இருந்தது அந்த ஒரு கைப்பேசிதான்.

நாளடைவில் மகளும் எங்களோடு தோட்டத்துக்கு வரத் தொடங்கினாள். தம்பியைப் பார்த்துக்கொண்டாள்; சோகை கழித்தாள்; உலை வைத்தாள். ஒளிக்காமல் கூறுகிறோம்: அவளுடைய உதவி எங்களுக்கு இனித்தது. பள்ளி திறக்கும் என்ற செய்தி வந்தபோது மகிழ்ச்சியோடு சிறு கலக்கமும் எழுந்தது. அதை நினைக்க இன்றும் நாணுகிறோம்.

அவ்வேளையில் மேஸ்திரி முன்பணத்தோடு வந்தார். கணவனும் மனைவியும் சோடியாக வெட்டுக்குப் போவதே வழக்கம். "பிள்ளையையும் அழைத்து வாருங்கள். பள்ளிக்கூடம் எங்கே ஓடிவிடப் போகிறது?" என்றார். கடன் இருந்தது, எங்களால் உடனே மறுக்க முடியவில்லை. அன்றிரவு எங்கள் வீட்டுப் பெரியவர் திண்ணையிலிருந்து கூறினார்: "அறுப்பு முடிந்ததும் போகலாம் என்றுதான் மூன்றாம் வகுப்பில் என்னையும் நிறுத்தினார்கள். அதற்குப் பின் எத்தனையோ அறுப்பு முடிந்துவிட்டது."

அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. எங்களில் ஒருவர் மட்டும் வெட்டுக்குச் செல்வது, மற்றவர் உள்ளூர்க் கூலியோடு பிள்ளைகளிடம் இருப்பது என முடிவு செய்தோம். வருவாய் குறைந்தது, கடன் அடைய மேலும் ஓராண்டு ஆயிற்று.

திறப்பு நாளன்று பழைய சீருடை முழங்காலுக்கு மேலே ஏறி நின்றது. முகக்கவசம் அணிந்து வாயிற்படியைக் கடந்தவள் திரும்பிப் பாராமல் உள்ளே சென்றாள். மாலையில் அழுதுகொண்டே வந்தாள். மூன்றாம் வகுப்பில் சரளமாகப் படித்தவளுக்கு அன்று ஒரு பத்தியைக்கூடத் தட்டுத் தடுமாறித்தான் படிக்க முடிந்ததாம். "நான் மக்கு, நாளைக்குப் போக மாட்டேன்" என்றாள்.

தோழர்களே, பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் முதல் நாளினும் மறுநாளே கடினமானது என்பதை அன்று உணர்ந்தோம். பள்ளியில் தனியே சாக்கில் அமர்த்தப்பட்டு, தண்ணீரைத் தானே எடுத்துப் பருகவும் தடுக்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் மறுநாளும் அப்பள்ளிக்குச் சென்றார். அவ்வாறு சென்றவரே 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் கல்விப் பணி தொடங்கியதும் நம் பிள்ளைகளுக்கு அந்த மறுநாள் தவறாமல் வாய்க்க வேண்டும் என்பதற்காகவன்றோ!

எங்கள் மகளும் மறுநாள் சென்றாள். கையைப் பிடித்து அழைத்துச் சென்றவள் நம் கழகத்தின் மாலை வகுப்பில் பயின்ற ஒரு பெண். 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியதும் அவளே நம் தெருவின் தன்னார்வலராகி, மாலைதோறும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிப்பித்தாள். கோடை விடுமுறைக்குள் எங்கள் மகள் பழையபடி படிக்கலானாள். இன்று உயர் வகுப்பில் பயில்கிறாள்.

ஆயினும் அவளோடு மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருந்த வேறொரு சிறுமி திரும்பவேயில்லை. பெற்றோரோடு வெட்டுக்குப் போனவள் போனவளே. அவள் வீட்டுக் கதவை அந்த முதல் வாரத்தில் எவரும் தட்டவில்லை, நாங்களும் தட்டவில்லை. அக்குறை எங்கள் நெஞ்சில் இருக்கிறது.

ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி உரிமை என்னும் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. சட்டம் கதவைத் திறந்து வைக்கும். வராத பிள்ளையைத் தேடி நம் சந்துக்குள் வருவது நம் காலாகத்தான் இருக்க வேண்டும். ஆதலின் இளைஞர்களை ஒன்று வேண்டுகிறோம். கோடை விடுமுறை முடிந்தாலும், காலாண்டு, அரையாண்டு விடுமுறை முடிந்தாலும், பள்ளி திறக்கும் நாளில் நம் தெருப் பிள்ளைகளின் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிச் சரிபாருங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு மூன்று நாளுக்குள் செல்லுங்கள். கடன் காரணமாயின் கழகத்துக்குச் சொல்லுங்கள். அச்சம் காரணமாயின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

நம் கழகம் பொன்விழாக் காணும் நாளில், அறுப்பு முடியட்டும் என்று நிறுத்தப்பட்ட பிள்ளை ஒன்றும் நம் தெருவில் இல்லை என்னும் நிலை வரவேண்டும்.