வண்டியில் யாருக்கு இடம்?

(வானொலி மறையுரை: லேவியர் 23:39-43, மாற்கு 6:7-13)



ஆகஸ்டு பிறந்துவிட்டால் வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் ஒரு பேச்சு எழும்: "காமநாயக்கன்பட்டிக்கு எப்ப கிளம்புதோம்?" வீரமாமுனிவர் பணியாற்றிய அந்தத் தலத்தில் ஆகஸ்டு 15 பரலோக மாதாவின் பெருவிழா. குடும்பம் குடும்பமாகப் போய், தங்கி, சமைத்து, செபித்துத் திரும்புகிறோம். முதன்முறையாக வெளியில் தங்கப் போகும் குடும்பங்கள், "எதையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போகணும்?" என்று கேட்கின்றன. அதைப் பற்றியே இன்று சிந்திப்போம்.

ஆண்டுக்கு ஏழு நாள் கூடாரத்தில் தங்கும்படி இஸ்ரயேல் மக்களுக்கு ஆண்டவர் கட்டளையிட்டார். எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதே காரணம். கல்வீடு கட்டியவரும் அந்த ஏழு நாள் தழைக் கூரைக்குக் கீழே படுத்தார். குறைந்த பொருளோடும் வாழலாம், கடவுள் உடன் இருக்கிறார் என்று அந்த நாள்கள் கற்றுக்கொடுத்தன.

அப்படியானால் வெறுங்கையோடு போகலாமா? வேண்டாம். நிழலுக்கு ஒரு தார்ப்பாய் தேவை. கயிறும் முளைக்குச்சியும் இல்லாத தார்ப்பாய் வீண் சுமை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கரிசல் வெளியில் மேற்கிலிருந்து வரும் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. ஆகவே மேற்குப் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டுங்கள். மழை பெய்தால் கரிசல் மண் களியாகிவிடும். மேடான இடம் பார்த்துப் பாய் விரியுங்கள். டார்ச் லைட் தலைமாட்டில் இருக்கட்டும். காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம்.

நடந்து வருகிறவர்கள் புதுச் செருப்பு வாங்காதீர்கள். பழகிய செருப்பே காலைக் காக்கும். இரவில் வெளிர் நிற உடை உடுத்தி, எதிரே வரும் வண்டிகள் கண்ணில் படும்படி சாலையின் வலப்பக்க ஓரமாக நடங்கள். பெரியவர்கள் அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளை மறக்காதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், தலைதட்டி அளந்து, கலந்து கொடுங்கள். மற்றபடி ஒரு பானை, ஒரு சட்டி, ஆளுக்கொரு தட்டு போதும்.

நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது முதன்முறையாகப் போன கதையைச் சொல்ல வேண்டும். வாடகை வேனில் பெரிய தவலை, இரண்டு அடுப்பு, தலையணை மூட்டை, புதுத்துணிப் பெட்டிகள் எல்லாம் ஏற்றினோம். கடைசியில் எங்கள் ஆச்சிக்கு உட்கார இடம் இல்லை. "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டப் பாத்துக்கிடுதேன்" என்றார்கள் ஆச்சி. இறங்கி மூட்டையை மாற்றி அடுக்குவோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வேன் புறப்பட்டுவிட்டது.

அன்று இரவு காற்றில் தார்ப்பாய் பறந்தது. அத்தனை மூட்டைகளில் ஒரு முழம் கயிறு இல்லை. பக்கத்துக் கூடாரத்து அம்மா தம் பழைய சேலையைக் கிழித்து நாலு மூலையையும் கட்டிக்கொடுத்தார். கட்டிக்கொண்டே, "வீட்ல பெரியவங்க யாரும் வரலியா?" என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கொண்டுபோன பெட்டிகளில் பாதியை நாங்கள் திறக்கவே இல்லை.

அடுத்த ஆண்டு சுமையைக் குறைத்தோம். வேனில் இடம் இருந்தது. ஆனால் ஆச்சி அதற்குள் இறைவனடி சேர்ந்துவிட்டார்கள்.

நேயர்களே, ஆண்டவர் இயேசு சீடர்களை அனுப்பும்போது கைத்தடியும் மிதியடியும் போதும் என்றார். உணவும் பையும் பணமும் வேண்டாம் என்றார். அதற்கு முன்னே அவர் செய்ததைக் கவனித்தோமா? அவர்களை இருவர் இருவராக அனுப்பினார். பொருளைக் குறைத்த ஆண்டவர் துணையைக் குறைக்கவில்லை. நாம் அதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறோம். விழாவுக்குப் போகும்போது மட்டும் அல்ல. வீடு கட்டும்போதும், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசும்போதும் சாமானுக்கு இடம் தேடுகிறோம், முதியவர்களுக்கு இடம் இல்லை என்கிறோம்.

ஆகவே இந்த ஆண்டு பட்டியல் எழுதும்போது முதலில் ஆட்களின் பெயரை எழுதுவோம். மெதுவாக நடப்பவர், இரவில் இருமுகிறவர், "நான் வரலை" என்று நமக்காகச் சொல்லிவிடுகிறவர், இவர்களின் பெயர் முதலில் வரட்டும். அவர்கள் உட்கார்ந்த பிறகு மிச்சமுள்ள இடத்தில் பானையை ஏற்றுவோம். கயிற்றையும் மறக்க வேண்டாம். பக்கத்துக் கூடாரத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொள்வோம்.

மன்றாடுவோம்: வழிநடத்தும் ஆண்டவரே, எங்கள் சுமைகளைக் குறைத்தருளும். எங்களோடு வர ஆசைப்படுகிறவர்களை விட்டுவிட்டுப் போகாத மனதைத் தாரும். ஆமென்.