கணக்குக் கேட்டவர்கள் எழுதிய சட்டம்

கண் சிகிச்சை முகாம், மரம் நடுவிழா, இரவுப் பள்ளி என்று தொண்டு நிறுவனம் எதை நடத்தினாலும் அமைச்சர் வந்து குத்துவிளக்கு ஏற்றுவார். அதே நிறுவனம் ஒரு சட்டத்தை மாற்றச் சொல்லட்டும். ‘இவர்கள் யார், யார் பணத்தில் பேசுகிறார்கள்?’ என்ற பேச்சு மறுநாளே கிளம்பிவிடும். அரசின் இந்த இரண்டு முகங்களையும் பார்த்த ஓர் அமைப்பு ராஜஸ்தானில் உண்டு: மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்.

1990 மே தினத்தன்று தொடங்கப்பட்டது அது. சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். வேலையை 1975இல் உதறிவிட்டுப் போன அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங், இவர்களோடு கூலி வேலைக்குப் போகும் கிராமத்து ஆண்களும் பெண்களும். வறட்சி நிவாரணப் பணியில் மண் சுமந்தவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கைக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டால், நீ செய்த வேலை அவ்வளவுதான், பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ரகசியமாம்!

1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. அதிலும் அடுத்தடுத்த விசாரணைகளிலும் கைக்குக் கிடைத்த மஸ்டர் ரோல்களை, அதாவது கூலிப் பதிவேடுகளை, ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். பெயர் பெயராகப் படிக்கப் படிக்கக் கூட்டத்தில் சலசலப்பு. வேலைப் பக்கமே போகாதவர் பெயரில் கூலி. செத்துப்போனவர் பெயரிலும் கூலி. அரைகுறையாக நின்ற கட்டடத்துக்குப் பணி முடிந்ததாகப் பில். தில்லிக் கருத்தரங்குகளில் நூறு கட்டுரை படித்தாலும் இந்த வலு வந்திருக்காது.

1995 ஏப்ரலில் முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத், பதிவேடுகளின் நகல் தரப்படும் என்று சட்டமன்றத்திலேயே அறிவித்தார். ஓராண்டு போயிற்று, அறிவிப்பு அறிவிப்பாகவே நின்றது. 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்கள் தானியம் கொடுத்தன. அரசு கமிட்டி போட்டது. அது நம் அரசுகளுக்குக் கைவந்த கலை.

இயக்கத்தார் முழக்கத்தோடு நிற்காமல் மசோதா எழுதவும் உட்கார்ந்தார்கள். அதே 1996இல் தகவல் உரிமைக்கான தேசிய இயக்கம் உருவானது, நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலிருந்த பிரஸ் கவுன்சில் வரைவுக்குக் கைகொடுத்தது. 1997இல் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. பெருமைதான், ஆனால் அதிலிருந்த விதிவிலக்குகளின் பட்டியல் ரொம்ப நீளம். மத்திய அரசின் 2002 சட்டமோ நடைமுறைக்கு வராமலேயே போனது. மத்திய அரசுக்கு ஆலோசனை சொல்ல 2004இல் அமைந்த தேசிய ஆலோசனைக் குழுவில் அருணா ராய் இடம்பெற்றார். புதிய மத்தியச் சட்டத்தின்படி 2005 அக்டோபர் 12 முதல், 10 ரூபாய் கட்டி எந்தக் குடிமகனும் தகவல் கேட்கலாம், 30 நாளில் பதில் தரவேண்டும் என்றானது.

வாக்கு வாங்காதவர்கள் சட்டம் எழுதலாமா என்று அப்போது கேட்டார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். இயக்கத்தார் வரைவை எழுதிக் கொடுத்தார்கள்; திருத்தியதும் நிறைவேற்றியதும் நாடாளுமன்றம்.

அரசுக்கும் இத்தகைய அமைப்புகளுக்கும் இடையிலான உரசல் அதோடு தீரவில்லை. தகவல் மறுக்கப்பட்டால் முறையீட்டை விசாரிக்கும் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே தீர்மானிக்கலாம் என்று 2019இல் திருத்தினார்கள். வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது என்று 2020இல் தடை வந்தது. மக்கள் உரிமைக்காகப் பந்த், மறியலை ஆதரித்ததற்காக மட்டும் ஓர் அமைப்புக்கு அரசியல் முத்திரை குத்தமுடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதே ஆண்டுதான்.

2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்க வழிசெய்து தகவல் சட்டத்தின் ஒரு பிரிவைத் திருத்தியிருக்கிறது. பயனாளிகள் பட்டியல் முழுக்கப் பெயர்கள்தானே, அதை இனி எப்படிச் சரிபார்ப்பது என்று இயக்கத்தார் மறுபடி மனுவோடு கிளம்பிவிட்டார்கள்.