தெற்கு யூயிஸ்ட் தீவில் ஆட்டமும் பாட்டும்

ஜூலை மாதத் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள மாலேக் துறைமுகத்துக்குப் போனால், கப்பலுக்குக் காத்திருப்பவர்களின் சாமானைப் பார்த்தே யார் எதற்குப் போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். மலையேறப் போகிறவருக்கு முதுகில் பெரிய பை. மீன் பிடிக்கப் போகிறவர் கையில் தூண்டில். இன்னொரு கூட்டம், ஃபிடில் பெட்டியைக் கீழே வைக்க மனமில்லாமல் தோளிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். அவர்கள் போவது தெற்கு யூயிஸ்ட் தீவுக்கு. 1996 முதல் கோடைதோறும் அங்கே கியோலஸ் என்ற கலைவிழா நடக்கிறது. விழா என்றால் மேடைக்கு எதிரே உட்கார்ந்து பார்க்கிற விழா இல்லை. காலையில் கற்றுக்கொள்ள வேண்டும், இரவில் ஆட வேண்டும். இன்று உங்களை அங்கேதான் அழைத்துப் போகிறேன்.

மாலேக்கிலிருந்து தீவின் லாக்பாய்ஸ்டேல் துறைக்கு மூன்றரை மணி நேரக் கடல் பயணம். அதுவும் காற்று இடம் கொடுத்தால்தான். பிடிவாதக் காற்று அடிக்கும் நாளில் கப்பல் கிளம்பாமலே போகலாம். அதனால் ஊர் திரும்ப விமானச் சீட்டு எடுக்கிறவர்கள் நடுவில் ஓரிரு நாள் விட்டு எடுப்பது நல்லது.

தீவின் நீளம் சுமார் 35 கிலோமீட்டர். கிழக்கே மலைகள், பெய்ன் வோர் என்ற சிகரம் 620 மீட்டர். மேற்கே நெடுக வெள்ளை மணல் கடற்கரை. அதை ஒட்டி, கிளிஞ்சல் மணல் கலந்த சமவெளி முழுக்கக் காட்டுப் பூக்கள். வடக்கிலிருந்து தெற்குவரை ஒரே ஒரு முதன்மைச் சாலை. அதிலிருந்து பிரியும் பாதைகள் ஒரு வண்டி மட்டுமே போகிற அகலம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க ஆங்காங்கே இடம் விட்டிருக்கிறார்கள். ஒதுங்கி வழிவிட்டவருக்குக் கை தூக்காமல் போனால் மறுநாள் கடையில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள் என்று எச்சரித்தார்கள். நான் பரீட்சித்துப் பார்க்கவில்லை.

இங்கே பலருக்கு வீட்டு மொழி கேலிக். மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வடக்கே லூயிஸ் போன்ற தீவுகளில் 19ஆம் நூற்றாண்டில் கண்டிப்பான புராட்டஸ்டன்ட் சபைகள் ஃபிடிலையும் நடனத்தையும் நல்ல கண்ணால் பார்க்கவில்லை. தெற்குத் தீவுகளில் அந்த நெருக்கடி இல்லை. பழைய பாட்டுகள் அடுப்படியிலேயே உயிரோடு இருந்தன.

அந்த அடுப்படிக்கே வந்து பாட்டுக் கற்றவர் ஒருவர் உண்டு. மார்கரெட் ஃபே ஷா, அமெரிக்கப் பெண், பியானோ பயின்றவர். ஸ்காட்லாந்தில் பள்ளி மாணவியாக இருந்தபோது, இந்தத் தீவுகளின் பாட்டுகளை ஒரு கச்சேரியில் கேட்டார். அவை மேடைக்காக மெருகேற்றப்பட்ட வடிவங்கள். மெருகுக்கு அடியில் இருப்பது எது என்று தேடிக்கொண்டு 1929-ல் இங்கே வந்து, இரண்டு சகோதரிகளின் வீட்டில் 1935 வரை தங்கினார். அவர்களோடு வேலை செய்துகொண்டே பாட்டைக் கேட்டு எழுதினார், படமும் எடுத்தார். அந்தத் தொகுப்பு 1955-ல் நூலாக வந்தது. கியோலஸுக்கு வருகிறவர்கள் ஒரு வாரத்தில் செய்யப் பார்ப்பது, அவர் ஆறு வருஷம் நிதானமாகச் செய்ததைத்தான்.

காலை வகுப்புகள் ஃபிடில், பேக்பைப், கேலிக் பாட்டு, நடனம் என்று பிரிகின்றன. ஃபிடில் வகுப்பில் ஸ்வரத்தாளை எடுத்து வைத்தவர்களை ஆசிரியர் சிரித்துக்கொண்டே மூடச் சொன்னார். ஒரு துண்டு வாசிப்பார், எல்லோரும் திருப்பி வாசிக்க வேண்டும். காதால் பிடித்து விரலுக்குக் கொண்டுவர வேண்டும். பேக்பைப்பில் இருப்பது மொத்தம் ஒன்பது ஸ்வரம். சுருதிக் குழல்கள் மூன்றும் விடாமல் ஒலிக்கும். நடுவில் நிறுத்தமும் கிடையாது, ஒலியைக் குறைப்பதும் கிடையாது. அப்படியானால் ஒரே ஸ்வரத்தை இரண்டு தடவை வாசிப்பது எப்படி? நடுவே வேறொரு விரலைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தூக்கி, ஒரு பொடி ஸ்வரத்தால் வெட்டிவிடுகிறார்கள். தொடக்கக்காரர்களிடம் முழு வாத்தியத்தையும் கொடுப்பதில்லை. பையில்லாத பயிற்சிக் குழல் ஒன்றில் இந்த வெட்டு விரலுக்குப் பழகிய பிறகே மற்றதெல்லாம்.

நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது நடன அறையில். மரத்தரை. தோல் அடி வைத்த கெட்டியான ஷூ. ஆசிரியை இடுப்புக்கு மேலே அசையவே இல்லை. கைகள் இரண்டும் சும்மா தொங்குகின்றன. குதிகாலும் முன்பாதமும் மட்டும் தரையை விட்டு ஒரு விரற்கடைகூட எழும்பாமல் தட்டிக்கொண்டிருக்கின்றன. வாத்தியம் எதுவும் இல்லை. மெட்டை அவரே வாயால் பாடுகிறார். இது இந்தத் தீவுகளில் பழைய வழக்கம்: ஃபிடிலோ பைப்போ கைக்கு எட்டாத இடத்தில், நடன மெட்டை அசைகளாக்கி ஒருவர் பாட மற்றவர்கள் ஆடுவார்கள். நம் நட்டுவனார் சொல்கட்டு சொல்வதற்கு இதை உறவு என்று சொல்லலாம். ஆனால் இங்கே தாளத்தோடு மெட்டும் சேர்ந்தே வாயில் வந்துவிடுகிறது.

பிறகு ஃபிடில் வகுப்பையும் நடன வகுப்பையும் ஒரே அறையில் சேர்த்தார்கள். விழாவின் மையம் இதுதான் என்று எனக்குப் பட்டது. ஸ்ட்ராத்ஸ்பே என்று ஒரு நடன மெட்டு வகை, ஸ்காட்லாந்துக்கே உரியது. அதில் பல இடங்களில் குறில் ஸ்வரம் முதலில் வெடுக்கென்று விழும், நெடில் பின்னால் வரும். நல்ல வாசிப்பாளர்கள் சிலர்கூட அதை அழகுபடுத்துகிறேன் என்று இழுத்து வாசித்தார்கள். ஆசிரியை ஆடிக்காட்டினார். இழுத்த இடத்தில் கால் அந்தரத்தில் நின்றது. வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மறுசுற்றில் வில்கள் தாமாகவே குட்டையாக வெட்டத் தொடங்கின. ஒரு மெட்டின் வேகத்தைக் காலிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைப் போன்ற பாடம் எந்த இசைப்பள்ளியிலும் கிடைக்குமா என்பது சந்தேகம்.

இந்தக் காலாட்டம் கடல் தாண்டிப் போய்த் திரும்பிய கதையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலிருந்தும் தீவுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் போய்க் குடியேறினார்கள். பிழைக்கப் போனவர்களும் உண்டு, நிலத்தைவிட்டு விரட்டப்பட்டவர்களும் உண்டு. தெற்கு யூயிஸ்டில் 1849 முதல் 1851 வரை, கார்டன் என்ற நிலவுடைமையாளர் காலத்தில் குடிகளைக் கட்டாயமாகக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பியதை இன்றும் கசப்போடு பேசுகிறார்கள். கேப் பிரெட்டனில் ஃபிடிலும் காலாட்டமும் தழைத்தன. இங்கே அந்த ஆட்டம் ஏறக்குறைய வழக்கொழிந்தது. 1990களில் கேப் பிரெட்டன் ஆசிரியர்களை அழைத்து, இங்குள்ளவர்கள் மறுபடி கற்றார்கள். இன்று அங்கே ஆடுவது அப்படியே பழைய ஸ்காட்டிஷ் ஆட்டமா, கனடாவில் அயர்லாந்துக்காரர்களோடும் பிரெஞ்சுக்காரர்களோடும் பழகி மாறியதா என்று ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். மாறாமல் இருநூறு வருஷம் ஆடப்பட்ட ஆட்டம் எந்த ஊரில் இருக்கிறது?

விழா வகுப்புகளில் கம்பளித் துணியை அடிக்கும் பாட்டும் கற்றுத் தருவார்கள். நெய்த துணி சுருங்கி இறுகுவதற்காக அதை நனைத்து, நீளமான மேசையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து அடித்து, வலஞ்சுழியாகவே சுற்றவிடுவார்கள். அந்தக் காலத்தில் நனைக்கப் பயன்பட்டது பழைய சிறுநீர். இப்போது வெறும் தண்ணீர்தான், பயப்பட வேண்டாம். ஒருத்தி வரியைப் பாட மற்றவர்கள் பல்லவியைப் பாட வேண்டும். பல்லவிக்குப் பொருள் கிடையாது, வெறும் அசைகள். அதனால் மொழி தெரியாத நானும் கூச்சமில்லாமல் கத்தினேன்.

இரவில் கெய்லி என்ற ஆட்டக் கூட்டம். ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஒரு அக்கார்டியன், ஒரு ஃபிடில், ஒரு டிரம். ஜோடி கட்டிக்கொண்டு வரவேண்டிய அவசியமில்லை. யாரும் யாரையும் கூப்பிடலாம். முதல் ஆட்டம் பெரும்பாலும் கே கார்டன்ஸ். வட்டமாக ஜோடி ஜோடியாய் நான்கு எட்டு முன்னால், கையை விடாமலே திரும்பி நான்கு எட்டு பின்னால், பிறகு பெண் சுழல வேண்டும், பிறகு இருவரும் சுழல வேண்டும். டேஷிங் ஒயிட் சார்ஜன்ட் ஆட்டத்தில் மூவருக்கு எதிரே மூவர். ஒரு சுற்று முடிந்ததும் உங்கள் மூவரும் அடுத்த மூவரைச் சந்திக்க நகர்ந்துவிடுவீர்கள். பாதி ஊரோடு அறிமுகம் ஆகிவிடும்.

ஸ்ட்ரிப் த வில்லோ கொஞ்சம் முரட்டு ஆட்டம். இரண்டு நீண்ட வரிசைகளுக்கு நடுவே, எதிர் வரிசையில் ஒருவரையும் தன் ஜோடியையும் மாற்றி மாற்றிப் பிடித்துச் சுழன்றுகொண்டே கடைசிவரை போக வேண்டும். என்னைச் சுழற்றிய பாட்டி ஒருவருக்கு எழுபதுக்குக் குறையாது. நான் விரலைப் பிடித்ததும் உதறிவிட்டு, முழங்கைக்கு அருகே என் கையை அழுத்திப் பதித்தார். விரலைப் பிடித்தால் வேகத்தில் நழுவிச் சுவரில் போய் முட்டுவோம் என்பது அடுத்த ஜோடியைப் பார்த்ததும் விளங்கியது.

ஸ்காட்டிஷ் நடனங்களில் '51ஆவது படைப்பிரிவின் ரீல்' என்று ஒன்று உண்டு. 1940 ஜூனில் பிரான்சின் கரையில் உள்ள சான் வாலெரி ஊரில் ஜெர்மானியரிடம் சிக்கிய ஸ்காட்டிஷ் படைப்பிரிவு அது. லாஃபென் சிறைமுகாமில் இருந்த அதிகாரிகள், ஆண்களாகவே ஆடி அமைத்த நடனம். ஆடுகிறவர்கள் குறுக்காகக் கைகோத்து நிற்கும்போது ஸ்காட்லாந்துக் கொடியின் பெருக்கல் குறி உருவாகும். அந்தப் படைப்பிரிவில் இந்தத் தீவின் பையன்களும் நிறையப் பேர் இருந்தார்கள். அப்படிச் சிறைபட்டவர்களில் ஒருவர் தெற்கு யூயிஸ்ட் கவிஞர் டொனால்ட் ஜான் மெக்டொனால்ட். சிறை வாழ்க்கையைக் கேலிக் மொழியில் நூலாகவே எழுதினார்.

ஒன்றை மட்டும் நம் நேயர்களுக்காகச் சொல்ல வேண்டும். கெய்லிகளில் அடிபடும் மெட்டுகளில் ஒன்று 'ரேக்ஸ் ஆஃப் மாலோ', அயர்லாந்திலிருந்து வந்தது. அதைக் கேட்டால் நம்மில் பலர் 'வந்தே மீனாக்ஷி' என்று தொடங்கிவிடுவோம். முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வாத்தியக் குழுக்களின் மெட்டுகளுக்குச் சாகித்யம் எழுதிய நோட்டுஸ்வரங்களில் அதுவும் ஒன்று.

போக நினைப்பவர்களுக்கு: விழா வழக்கமாக ஜூலை முதல் வாரத்தை ஒட்டி நடக்கும். தீவில் தங்கும் இடம் குறைவு, மாதக்கணக்கில் முன்பே சொல்லி வைக்க வேண்டும். டாலிபரோவில் 2022-ல் திறந்த புதிய கலை மையம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். தூக்கத்துக்குக் கண்மறைப்பு எடுத்துப் போங்கள். காற்று நின்றால் மிட்ஜ் என்ற பொடிக்கொசு மொய்க்கும், அதற்கு மருந்தும் வேண்டும். ரப்பர் அடி ஷூ மட்டும் வேண்டாம். மரத்தரையில் அது சுழலவும் விடாது, சத்தமும் தராது.